ஓடுகிற தண்ணீரிடம் சொல்ல வேண்டியது

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வானொலியில் ஒருவர் கனவுகளும் கண்டுபிடிப்புகளும் என்று பேசினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனை வருசமாக அதே மூன்று பேரைப் பற்றியே பேசுவார்கள்? ஒரு ஜெர்மன் ரசாயன ஆசிரியர் குளிர்காய்ந்துகொண்டே கண்ணயர்ந்தபோது, பாம்பு ஒன்று தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுழல்வதைக் கண்டு, பென்சீன் ஒரு வளையம் என்று பிடித்துக்கொண்டாராம். தையல் மிஷினுக்கு ஊசி அமையாமல் தவித்த ஒரு அமெரிக்கரின் கனவில் காட்டுவாசிகள் ஈட்டியோடு வந்தார்களாம்; ஈட்டியின் முனையில் ஓட்டை இருந்ததாம். இன்னொருவர் கனவில் வந்த பரிசோதனையைத் தூக்கக் கலக்கத்தில் கிறுக்கிவைத்துவிட்டு, விடிந்ததும் தன் கையெழுத்தே தனக்குப் புரியாமல் விழித்தாராம். நல்லவேளை, மறுநாளும் அதே கனவு வந்ததாம். எழுந்து ஓடிப்போய்த் தவளையின் இதயத்தை வைத்து நிரூபித்தாராம்.

"ஆகவே நேயர்களே, உங்கள் கனவுகளையும் குறித்துவையுங்கள்" என்று முடித்தார். குறித்துவைப்பதாம்! எங்கள் வீட்டில் யாராவது கனவைக் காகிதத்தில் குறித்திருந்தால் அம்மா அதை அடுப்பில்கூடப் போட்டிருக்க மாட்டாள். புகையாகிப் போய் ஊர் முழுக்கப் பலிக்கும் என்று சொல்லியிருப்பாள்.

இந்த இடத்தில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் அம்மாவை 'அவள்' என்றுதான் எழுதுவேன். போன தடவை எழுதிய ஒரு கட்டுரையில் யாரோ ஒரு புண்ணியவான் எல்லா 'சொன்னாள்'களையும் 'சொன்னார்' ஆக்கிவைத்துவிட்டார். மரியாதையாம். அச்சில் படித்துப் பார்த்தால், பக்கத்துத் தெருத் தலைமையாசிரியையைப் பற்றி நான் எழுதியதுபோல இருந்தது. அப்பாவை 'அவர்' என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் தகராறு இல்லை. அம்மா 'அவள்'. காரணம் போகப்போகத் தெரியும்.

வானொலிக்காரர் தையல் மிஷின் என்றதுமே எனக்கு மிஷின் எண்ணெய் வாசனை வந்துவிட்டது. அப்பாவின் வாசனை அதுதான். தென்காசி கடைவீதியில், பிளந்து நின்ற கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில், ஒரு ஜவுளிக்கடை வாசலில் அவர் மிஷின் போட்டிருந்தார். மிஷின் முதலாளியுடையது, மிதிக்கிற கால் அப்பாவுடையது. எண் தெரியும், எழுத்து தெரியாது. மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாம் சுண்ணக்கட்டியால் துணியிலேயே விழும். எந்தத் துணி யாருடையது என்பது அவர் மண்டையில் இருக்கும். அம்மாவுக்கு எண்ணும் தெரியாது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து மணி தனக்காகவும் அடிக்கிறது என்று நினைத்த முதல் ஆள் நான்தான்.

அதனால் எனக்கு ஒரு வியாதி இருந்தது. படித்ததை எல்லாம் அன்றைக்கே வீட்டில் யாருக்காவது சொல்லியாக வேண்டும். பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்த காலத்தில், லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பா அம்மாவை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்வேன். சோற்று உப்பு எப்படி உண்டானது, சோப்பு ஏன் நுரைக்கிறது, எல்லாம். ஒரு தடவை பஸ்ஸை விட்டு இறங்கி வந்த தாகத்தில், விடுதிப் பழக்கத்தில், வீட்டு 'நீ'யை மறந்து, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டுவிட்டேன். அடுத்த வீட்டுப் பாத்திமா அக்கா அப்போது எங்கள் அடுக்களையில் இருந்தார். அவர்கள் வீடு தறி வீடு. தறிச் சத்தம் ஓய்ந்த நேரமெல்லாம் அக்கா எங்கள் வீட்டில்தான். "ஏட்டி, ஒம் மவன் ஒன்னைய டீச்சர்னு நெனச்சுட்டான்" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

படிப்பு முடிந்த வருசம், கோடை முடிகிற சமயம், மெட்ராஸில் அரசாங்கத்துத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை என்று உத்தரவு வந்தது. ஊர் ஊராக வருகிற குடிதண்ணீரைச் சோதிக்கிற இடம். ஒரு தேதி போட்டு, அதற்குள் வந்து சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கறாராக எழுதியிருந்தார்கள். அப்பா கடைக்குப் போகாமல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். எழுத்து தலைகீழாக இருந்ததை நான் சொல்லவில்லை. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தண்ணியில என்னலே பாப்ப?"

அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பேன் என்றேன். கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாதே என்றாள். தெரியாததைத் தெரியவைப்பதுதான் ரசாயனம் என்று தொடங்கி ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினாள்.

அப்பா ஒரு வெள்ளை அங்கி தைத்தார். பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் வெள்ளைக் கோட்டுதான் போடுவார்கள் என்று நான்தான் அளந்துவிட்டிருந்தேன். லாங்கிளாத் துணி, முழங்காலுக்குக் கீழ்வரை நீளம், இரண்டு பக்கமும் பை. வக்கீல் கோட்டையும் பாதிரியார் அங்கியையும் கலந்து செய்ததுபோல இருந்தது. நடுக்கூடத்து ஆணியில் அதை மாட்டிவைத்தார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் தொட்டுப் பார்த்தார்கள்.

அது தொங்கத் தொடங்கிய இரண்டொரு நாளில், ஒரு விடிகாலை, அம்மா தலைகூட முடியாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். கனா கண்டேன் என்றாள். என்ன கனா என்றேன். சொல்லக் கூடாது என்றாள். அவ்வளவுதான். அன்று பிடித்தது எனக்குச் சனியன்.

அம்மாவின் கனவுச் சட்டத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல கனவைப் பலிக்கிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. கெட்ட கனவையும் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலித்துவிடும். ஆக எந்தக் கனவையும் எந்த மனுசரிடமும் சொல்வதற்கில்லை. கண்டுபிடிப்புகளெல்லாம் ஏன் வெளிநாட்டிலேயே நடந்தன என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கெட்ட கனவுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ஓடுகிற தண்ணீரிடம் போய் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீரிடம் சொல்லாமல் வைத்திருக்கும் வரை, அந்தக் கனவு யாரைப் பற்றியதோ அந்த ஆள் வெளியூர்ப் பயணம் கிளம்பக் கூடாது.

கனவு என்னைப் பற்றியது.

சரி, போய்ச் சொல்லிவிட்டு வா என்றேன். எங்கே போய்ச் சொல்ல? சிற்றாறு மணலாகக் கிடந்தது. குற்றாலத்தில் சாரல் இன்னும் தொடங்கவில்லை. சாதாரணமாக அந்த நேரத்தில் மலை கறுத்து, காற்றில் ஈரம் வந்து, பேரருவி விழுந்திருக்க வேண்டும். அந்த வருசம் மலை வெள்ளையாக, வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் விஞ்ஞான மாணவன். பிரச்சினை என்றால் தீர்வு காண வேண்டும் என்று கற்றவன். தெருமுனையில் முனிசிபாலிட்டிக் குழாய் இருக்கிறதே, அதுவும் ஓடுகிற தண்ணீர்தானே என்றேன். அம்மா என்னை அனுதாபத்தோடு பார்த்தாள்.

"அது எங்கனலே ஓடுது? குடத்துலல்லா விழுது. நான் சொன்னத அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, சோறு பொங்கி, எல்லாருக்கும் போடவா?"

அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பம்புசெட்டு ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று போகிறது, கூட்டிப்போகிறேன் என்றேன். கிணற்றுத் தண்ணீர் வயலில் சுவறித் திரும்பக் கிணற்றுக்கே வந்துவிடும், வேண்டாம் என்றாள். புளியறை தாண்டினால் மலைக்கு அந்தப் பக்கம் ஓடைகள் வற்றுவதில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்து சொன்னேன். "அது மலையாளத்துக்குப் போற தண்ணி. நான் சொல்லுதது அதுக்கு என்ன புரியும்" என்று முடித்துவிட்டாள். இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு பதிலிலும் ஒரு நியாயம் இருந்தது. அடிப்படையை மட்டும் ஒத்துக்கொண்டுவிட்டால் மீதி எல்லாம் வடிவக்கணிதம்போலச் சரியாக வந்தது.

பாத்திமா அக்கா எனக்காகப் பரிந்து பேச வந்தார். அவர்களிலும் கெட்ட கனவை வெளியே சொல்வதில்லையாம். ஆனால் வழி சுலபம். விழித்ததும் இடது பக்கம் லேசாகத் துப்பிவிட்டு, இறைவனிடம் காவல் கேட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்களாம். முடிந்தது காரியம். எனக்கு அந்த மார்க்கத்தின் மேல் அப்போது வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. நீயும் அப்படிச் செய்தால் என்ன என்று அம்மாவிடம் மன்றாடினேன். "அது அவுக கனாவுக்கு" என்றாள். "எங் கனா தமிழ்க் கனால்லா" என்று அக்காவைப் பார்த்தும் ஒரு போடு போட்டாள். "அப்ப நாங்க என்ன அரபியிலயா கனாக் காங்கோம்? மட்டன் கொழம்புதான் வருது எனக்கு" என்றார் அக்கா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். என் வேலை போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். வானொலிக்காரர் இன்று பேசியதை நான் அன்றே எங்கள் கூடத்தில் பேசினேன். என் வாதம் இதுதான்: கனவு எங்கிருந்தோ வருவதில்லை, நாம் ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பதுதான் கனவாக வருகிறது. அந்த ஜெர்மன்காரர் வருசக்கணக்காகப் பென்சீனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார், அதனால் கனவு வந்தது. ஆகவே அம்மா பயப்படத் தேவையில்லை. பாம்பு வாலைக் கவ்வியதைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகூடக் காட்டினேன்.

அம்மா படத்தையே பார்த்தாள். அவர் பாம்பையா நினைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்டாள். இல்லை, பென்சீனை. கனவில் பென்சீன் வந்ததா? இல்லை, பாம்பு வந்தது.

"அப்ப கனாவுக்குத் தெரியும்லா, எதை எப்படிச் சொல்லணும்னு. அவரும் நம்பித்தானலே எந்திரிச்சுப் போயி கணக்குப் போட்டாரு. கனாக் கண்டு பிடிச்சதுனாலதான் கண்டுபிடிச்சாருன்னு சொல்லுதாவ."

'கண்டுபிடித்தல்' என்ற சொல்லின் இலக்கணம் அப்படி இல்லை என்று நான் விளக்கப் போனேன். யாரும் கேட்கவில்லை. அப்பா வாயில் நூலைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு அந்த ஈட்டிக் கனவுதான் பிடித்திருந்தது. ஊசிக்குக் காது மேலே இருப்பதுதானே வழக்கம், மிஷின் ஊசிக்கு மட்டும் ஏன் முனையில் என்று அவர் யோசித்ததே இல்லையாம். எவனோ ஒருத்தனை ஈட்டியால் குத்த வந்ததால் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று கடைவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த நாள் மிஷினுக்கு எண்ணெய் போடும்போது கொஞ்சம் கூடவே போட்டாராம். ஆக, மூடநம்பிக்கையை ஒழிக்கக் கிளம்பிய நான், வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆளையும் கனவுக் கட்சியில் சேர்த்துவிட்டேன்.

போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியிருக்கலாம். ஒருநாள் தூக்கவும் செய்தேன். அம்மா குறுக்கே விழுந்திருந்தால், அழுதிருந்தால், சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. "போறியா" என்று மட்டும் கேட்டாள். 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கடைக்குப் போகிற பிள்ளைக்குக்கூடச் சொல்கிற வார்த்தை. அதைக் கேட்காமல் வாசற்படி இறங்க எனக்குக் கால் வரவில்லை. பெட்டியை வைத்துவிட்டுக் கோபமாகக் குளிக்கப் போனேன்.

அதன் பிறகு என் வேலை பஸ் நிலையத்தில் நிற்பது. குற்றாலத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டரிடம் "தண்ணி விழுதா அண்ணாச்சி?" என்று கேட்பேன். சாரல் காலத்தில் தென்காசியில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். மற்றவர்கள் குளிப்பதற்காகக் கேட்டார்கள், நான் உத்தியோகத்துக்காகக் கேட்டேன். ஒரு நாள், பாறை வேர்க்குது என்றார். இன்னொரு நாள், நூலு மாதிரி விழுது என்றார். ஓட்டமாக வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நூலு போதாது" என்றாள் அம்மா.

அப்பா தையல்காரர் அல்லவா, எட்டாம் நம்பர் நூலா, நாற்பதாம் நம்பர் நூலா என்று கேட்டார். அவருக்கு விளையாட்டு. நானே குற்றாலம் போய்ப் பார்த்தேன். எண்ணெய்க் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெரிய பாறை குளிக்காத ஆள் மாதிரி நின்றது. ஓரமாக ஒரு கசிவு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் குடிக்க இரண்டு குரங்குகள் சண்டை போட்டன. இந்தச் சொட்டும் ஓடுகிற தண்ணீர்தான், மேலிருந்து கீழே போகிறது என்று வந்து வாதாடினேன். "சொட்டுத தண்ணிகிட்டச் சொன்னா, சொட்டுச் சொட்டாப் பலிக்கும்" என்றாள்.

கெடு கேட்டு மெட்ராஸுக்கு ஒரு தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸுக்குப் போனேன். காரணம் எழுத வேண்டும். அருவியில் தண்ணீர் விழாததால் என்று எழுத முடியுமா? தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதலாம்தான். எழுதினால் அது நடந்துவிடுமோ என்று கை நின்றுவிட்டது. பி.எஸ்ஸி. ரசாயனம்! நானா பயந்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது. தந்தி கொடுக்காமல் திரும்பினேன்.

என்னதான் கண்டிருப்பாள்? படுத்தால் அதே யோசனை. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். நான் செத்துப்போவதுபோல் கண்டாயா என்று. "சீ, செத்துப்போற மாதிரி கண்டா நல்லதுல்லா, ஆயுசு கெட்டி" என்றாள் சாதாரணமாக. அப்படியானால் சாவைவிடப் பெரிதாக எதைக் கண்டாள்? அதற்குமேல் எனக்குக் கற்பனை ஓடவில்லை. ஆணியில் தொங்கிய அங்கியை அவள் பார்ப்பதே இல்லை என்பதை மட்டும் கவனித்தேன். கூட்டும்போதுகூட அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே கூட்டினாள்.

கெடு முடிய மிக நெருங்கியிருந்த ஒரு காலை, மலையைக் காணவில்லை. மேகம் ஊரின் மேலக்கடைசி வரை இறங்கிக் கிடந்தது. முகத்தில் பொடிப்பொடியாக ஈரம் விழுந்தது. தறி வீடுகளில் நூல் நமுத்துப்போகும் என்று அவசரமாக ஜன்னல்களைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே என்னைப் பார்த்துக் கையை மேலிருந்து கீழே ஒரே வீச்சாக வீசிக் காட்டினார். அவருக்கும் என் கதை தெரிந்திருந்தது. தென்காசிக்கே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அம்மா தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டாள். பாத்திமா அக்கா ஒரு மாற்றுச்சேலையை மடித்துக் கொடுத்து, எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாட்டி என்றார். அப்பாவால் கடையை விட்டுவிட்டு வர முடியாது. நானும் அம்மாவும் போனோம்.

அருவி பெரிய சத்தத்தோடு, செம்மண் கலந்து விழுந்துகொண்டிருந்தது. முதல் தண்ணீர் அப்படித்தான் வரும். ஆட்கள் அதிகம் இல்லை. அம்மா பெண்கள் நிற்கிற பக்கம் போய், பாறையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தலையைக் கொடுத்தாள். நான் தூரத்தில் செருப்புகளுக்குக் காவல் நின்றேன். அவள் வாய் அசைவது தெரிந்தது. சத்தத்தில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை கையை எடுத்து, யாரையோ சுட்டுவதுபோலக் காட்டி, மறுபடி ஊன்றிக்கொண்டாள். இவ்வளவு நீளமான கனவா என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது வேறு ஆளாக இருந்தாள். சேலையைப் பிழிந்தாள். கண் சிவந்திருந்தது, அருவிக்குக் கீழே நின்றால் எல்லோருக்கும் சிவக்கும். முதலில் கேட்டது, சூடாக வடை வாங்கிக் கொடு என்பது. பஸ்ஸில் வடையைப் பிட்டுத் தின்றுகொண்டே, கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். தண்ணீரிடம் சொன்ன பிறகு கனவில் ஒன்றும் இல்லையாம். பிழிந்து போட்ட துணி மாதிரியாம்.

"பெரிய வெள்ளக் கட்டடம்லே. நானும் உங்கப்பாவும் ஒன்னப் பாக்க வந்திருக்கோம். நீ உள்ள இருந்து வாற. அந்த அங்கிதான் போட்டிருக்க. கையில கண்ணாடிக் கொழாயி. என்னையப் பாத்து, 'வாங்கம்மா, உக்காருங்க. நீங்க யாரைப் பாக்கணும்?'னு கேக்குத. உங்கப்பா நிக்காரு, அங்கியத் தச்சவரு. அவரையும் தெரியல ஒனக்கு."

நான் காத்திருந்தேன். அடுத்து என்ன, கட்டடம் இடிந்ததா, தீப்பிடித்ததா?

"அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுத முடியாது. இதற்கா? இதற்காகவா பஸ் நிலையத்தில் தவம் கிடந்தேன்? அடுத்த ஆளுக்கு வேலை போகிற நேரத்தில், இதற்கா? "எம்மா, நான் மரியாதையாத்தானம்மா பேசியிருக்கேன்" என்றேன்.

"ஆமா" என்றாள் அம்மா. "ரொம்ப மரியாதை."

பஸ் தென்காசிக்குள் நுழைந்தது. வடைப் பொட்டலத்தில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை என் மடியில் வைத்தாள்.

அன்று மாலையே மெட்ராஸ் வண்டி. அப்பா அங்கியை அழகாக மடித்துப் பெட்டியில் மேலாக வைத்திருந்தார். வண்டி நகர்ந்தபோது அம்மா ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து, "போயிட்டு வாலே" என்றாள். அந்த 'வா'வுக்காகத்தான் அத்தனை பாடும்.

கெடுவின் கடைசி நாளில் போய் நின்றேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று அதிகாரி கேட்டார். ஊரில் தண்ணி விழவில்லை சார் என்றேன். பாவம், குடிதண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி அன்பாக விசாரித்தார். வெள்ளைக் கோட்டை அங்கே யாரும் போடவில்லை என்பதையும் அன்றே பார்த்துக்கொண்டேன். அங்கி பெட்டியிலேயே இருந்தது.

மெட்ராஸ்காரர்கள் எல்லோரையும் 'வாங்க போங்க' என்றார்கள். அம்மாவைப் பற்றிப் பேசும்போதும் 'அம்மா சொன்னாங்க' என்றார்கள். எனக்கும் நாக்கு அப்படித் திரும்பத்தான் பார்த்தது. அம்மாவும் அப்பாவும் முதல் தடவை என்னைப் பார்க்க வந்தபோது, வாசலில் நிற்கிறார்கள் என்று காவல்காரர் வந்து சொன்னார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கட்டடம் வெள்ளைக் கட்டடம்தான். என் கையில் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாய் இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏ எம்மா, நீ எப்ப வந்த? அங்கனயே நில்லு, வாரேன்" என்று மாடியே அதிரக் கத்தினேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அம்மாவை நீ என்றா சொல்வீர்கள் என்று பிறகு என்னிடம் தனியாகக் கேட்டார். அவரிடம் எங்கிருந்து தொடங்கி விளக்க? எங்கள் ஊர்ப் பழக்கம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவள் வந்தபோதெல்லாம், யார் இருந்தாலும், கூடை கூடையாக 'நீ' போட்டுத்தான் பேசினேன். என் கல்யாணத்துக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். என் மனைவிக்கே அது கடைசிவரை ஒப்பவில்லை. எங்கள் பிள்ளைகளை அவள் 'நீங்க' சொல்லப் பழக்கித்தான் வளர்த்தாள்.

இவ்வளவுக்கும் பெயர் யாருக்கு? அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. "பாத்தியாலே, அன்னைக்குத் தண்ணி எடுத்துட்டுப் போயிட்டு" என்பாள். கனவை எடுத்துப் போனது தண்ணீர் இல்லை, நான்தான் பாடுபட்டு நீ நீ என்று கத்திக்கொண்டிருக்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஜெர்மன்காரர் கணக்குப் போட்டார், பெயர் பாம்புக்குப் போனது. அந்தக் கதைதான்.

நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஊர் ஊராக வந்த தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று பார்த்து எழுதினேன். குற்றாலத்துத் தண்ணீரும் ஒரு தடவை புட்டியில் வந்தது. ரொம்ப நேரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர், கரைந்திருப்பது மிகக் குறைவு என்று எழுதி அனுப்பினேன்.

அப்பா போனார். அம்மா போனாள். பாத்திமா அக்காவின் தறி வீடு இருந்த இடத்தில் மாடிக்கட்டடம் நிற்கிறது. கோபுரத்தைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். தென்காசியில் என்னை 'ஏலே' என்று கூப்பிட இப்போது ஆள் இல்லை. கடைக்காரரும் 'வாங்க', ஆட்டோக்காரரும் 'உக்காருங்க'. மகன் வாரம் தவறாமல் போனில் 'சாப்ட்டீங்களாப்பா' என்கிறான்.

போன சாரலுக்கு முன்னால் எனக்கு ஒரு கனவு வந்தது. அம்மா வாசலில் வந்து நிற்கிறாள். தலை ஈரமாக இருக்கிறது. உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறாள்.

விழித்த பிறகு நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. தண்ணீர் விழுகிறது என்று பேப்பரில் பார்த்ததும் வண்டியேறிக் குற்றாலம் போனேன். ரசாயனம் படித்தவன்தான், போனேன். அருவிக்கு முன்னால் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். கோயில் தரிசனம்போல வரிசை. ஷாம்பூ நுரையும் பாட்டுச் சத்தமுமாக, ஆள்மேல் ஆள் ஏறி நிற்கிற கூட்டம். பாறையில் கை ஊன்ற இடமில்லை. எப்படியோ தலையைக் கொடுத்து, "எங்கம்மா வந்தா..." என்று தொடங்கினேன். விசில் சத்தம் கேட்டது. "பெரியவரே, நகருங்க, நகருங்க. பின்னால ஆள் நிக்காங்க" என்று கையைப் பிடித்து வெளியே விட்டுவிட்டார் போலீஸ்காரப் பையன். ரொம்ப மரியாதையாகத்தான் விட்டார்.

ஆக, தண்ணீரிடம் நான் சொல்லி முடிக்கவில்லை. முடிக்காததை இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் சட்டப்படி இனி அது பலித்துவிடும். பலித்துத் தொலையட்டும். வந்து வாசலில் நின்று, 'நீங்க' என்றே கூப்பிடட்டும்.